தங்கையிடம் சொல்ல வேண்டுமா? மரபணுப் பரிசோதனை: கேள்வி பதில்

மரபணு ஆலோசகராக நான் அதிகம் கேட்பது மருத்துவச் சந்தேகங்களை அல்ல, குடும்பச் சங்கடங்களை. இம்முறை வந்த கேள்விகளும் அப்படித்தான்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். பிஆர்சிஏ1 மரபணுவில் கோளாறு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சொத்துத் தகராறில் தங்கையோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவளுக்கு நான் சொல்லியே ஆக வேண்டுமா மேடம்?

கட்டாயம் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் சம்மதம் இல்லாமல் நானும் அவரிடம் வாய் திறக்க மாட்டேன். ஆனாலும் சொல்லிவிடுங்கள் அம்மா. இது அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்தது என்றால், தங்கைக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இந்தக் கோளாறு உள்ள பெண்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் சுமார் 40 சதவீதம். முன்பே தெரிந்தால் வருடாவருடம் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம், பிள்ளை பெற்று முடித்தபின் சினைப்பையை எடுத்துவிடுவது பற்றி யோசிக்கலாம்.

நேரில் பேச மனம் வராவிட்டால், உறவினருக்கென்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி உங்கள் ஆலோசகரிடம் கேளுங்கள். சித்தியோ மாமாவோ கொண்டுபோய்க் கொடுக்கட்டும். சகோதரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், அவர்கள் வழியாக அவர்களின் மகள்களுக்கும் இந்தக் கோளாறு போகலாம். படித்துவிட்டு "எனக்குப் பரிசோதனை வேண்டாம்" என்று தங்கை சொன்னால், அது அவர் உரிமை. அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள்.

என் மகளுக்கு 14 வயது. அவளுக்கும் இப்போதே பார்த்துவிடலாமா?

வேண்டாம். இந்த வயதில் முடிவு தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை, பயம்தான் மிச்சம். 18 வயதுக்கு மேல் அவளே முடிவு செய்யட்டும்.

என் மகன் தலசீமியா கேரியர். என் தங்கை மகளையே பேசியிருக்கிறோம். மறைத்தால் தவறா?

தவறுதான் ஐயா. தலசீமியா பரம்பரையாக வரும் ரத்த நோய். கேரியர் என்றால் அதன் மரபணுக் கோளாறைச் சுமப்பவர், நோயாளி அல்ல, உங்கள் மகன் நன்றாகவே இருப்பார். ஆனால் இது உங்களிடமிருந்து வந்திருந்தால் உங்கள் தங்கைக்கும் இருக்கலாம், அவர் மகளுக்கும் இருக்கலாம். இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை கடும் தலசீமியாவோடு பிறக்க. அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஏ2 என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். பெண் கேரியர் என்றால் வரன் தட்டிப்போவதும், ஆண் என்றால் மூடி மறைப்பதும் எனக்கு ஆறாத வருத்தம்.

டெக்சாஸில் இருக்கும் என் தம்பி எச்சிலை அனுப்பி மரபணு பார்க்கப் போகிறானாம். பயப்பட வேண்டுமா?

யோசித்து அனுப்பச் சொல்லுங்கள். இப்படி எச்சிலை வாங்கி மரபணு பார்க்கும் 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025இல் அது திவால் மனு போட்டது. மரபணு முடிவை வைத்துப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பாதுகாப்புத் தருகிறது, ஆயுள் காப்பீட்டுக்குத் தராது. அப்புறம், தம்பி அனுப்புவதில் பாதி உங்களுடையதும்தான். அனுப்புமுன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.