எத்தனை பரப்புக்கு எத்தனை அங்குல மெசின்?
வீடும் வளவும்: வாசகர் கேள்வி – பதில்

மாரி தொடங்கினால் புல்லு வெட்டும் மெசின் பற்றிய கேள்விகளும் கூடவே வந்துவிடும். இம்முறை ஆறு கேள்விகளுக்குப் பதில் தருகிறோம்.

கேள்வி: இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டி, முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் புல்லுப் பதித்திருக்கிறோம். கடைக்காரர், "ரண்டு பரப்பெண்டால் இருபது அங்குலப் பெற்றோல் மெசின்தான் சரி" என்கிறார். என் கணவரோ சின்னக் கரண்ட் மெசின் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — வாசகி, கொக்குவில்

பதில்: இந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள். கடைக்காரர் காணி உறுதியில் எழுதியிருக்கும் அளவைச் சொல்கிறார். மெசின் ஓடப்போவது புல்லின் மேல் மட்டுமே.

ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,722 சதுர அடி, அல்லது 253 சதுர மீற்றர். இரண்டு பரப்பில் வீடு, வாகனம் நிற்க இன்ரலொக் கல் பதித்த இடம், கிணற்றடி, கோடியில் நிற்கும் வாழை, மாமரத்தைச் சுற்றிய பாத்தி எல்லாம் போக மிஞ்சும் புல்லு பல வீடுகளில் அரைப் பரப்பைத் தாண்டாது. நாடா பிடித்து அளந்து பாருங்கள். முன்பக்கம் 30 அடிக்கு 25 அடி என்றால் 750 சதுர அடி. பக்கவாட்டு 45 அடிக்கு 12 அடி என்றால் 540. மொத்தம் 1,290 சதுர அடி. அதை 10.76ஆல் வகுத்தால் 120 சதுர மீற்றர்.

இனி வெட்டும் அகலத்தைப் பார்ப்போம். 33 சென்ரிமீற்றர் (13 அங்குல) மெசினில், போன வரியின் மேல் 5 சென்ரிமீற்றர் ஏறி வெட்ட வேண்டியிருப்பதால் பயன்படும் அகலம் 28தான். மணித்தியாலத்துக்கு 2.5 கிலோமீற்றர் வேகத்தில் தள்ளினால் 700 சதுர மீற்றர் வருகிறது. திரும்புவதற்கும் மரங்களைச் சுற்றுவதற்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 460 அளவில் நிற்கும். ஆக, உங்கள் 120 சதுர மீற்றருக்குப் பதினாறு நிமிடம். இதையே 46 சென்ரிமீற்றர் (18 அங்குல) மெசினால் 3 கிலோமீற்றர் வேகத்தில் வெட்டினால் ஒன்பது நிமிடம். இந்த ஏழு நிமிடத்தை மிச்சம் பிடிக்க முப்பது கிலோ வரை நிறையுள்ள மெசினை வாங்கி, பெற்றோல் ஊற்றி, ஒயில் மாற்றி, வைக்க இடமும் தேட வேண்டும். பக்கவாட்டில் 12 அடிக்குள் செவ்வரத்தையும் குழாயும் இருந்தால் திரும்புவதே பெரும் பாடாகிவிடும்.

புல்லு ஒரு பரப்பு வரை இருந்தால் 32 முதல் 37 சென்ரிமீற்றர் கரண்ட் மெசின் போதும். 1,200 முதல் 1,500 வாற் வரை உள்ளதாக எடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு பரப்பு வரை 40 சென்ரிமீற்றர் பற்றரி மெசின், அல்லது 46 சென்ரிமீற்றர் பெற்றோல் மெசின். இரண்டிலிருந்து நான்கு பரப்பு வரை 46 முதல் 53 சென்ரிமீற்றர் பெற்றோல் மெசின். மூன்று பரப்பைத் தாண்டினால் சில்லு தானாக உருளும் வகையாகவே எடுங்கள். தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போகும். அரை ஏக்கர், அதாவது எட்டுப் பரப்பு தனிப் புல்லாக இருந்தால்தான் ஏறியிருந்து ஓட்டும் மெசினைப் பற்றிக் கதைக்கலாம். கார்த்திகை, மார்கழியில் ஏழு, எட்டு நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டிவரும். ஒரு வெட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முடியாத மெசினை வாங்கினால் இரண்டாம் வாரமே சலிப்பு வந்துவிடும். ஆகவே எந்த அகலம் என்பதை அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்தே தீர்மானியுங்கள்.

கரண்ட் மெசின் வாங்குவதானால் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மீற்றர் வரை 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் தாங்கும். சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டே ஓட்டுங்கள். சுருண்டு கிடக்கும் வயர் சூடேறி உருகும். 1,400 வாற் மெசின் 6 அம்பியர் இழுக்கும் என்பதால் பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் பிளக்கில் கொடுக்கக்கூடாது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் மின் கசிவுக்கு விழுவதா என்று மின்வேலைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பிளக் இருக்கும் பக்கத்தில் தொடங்கி விலகி விலகி வெட்டிப் போனால் வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்திலேயே கிடக்கும்.

கேள்வி: முற்றத்தில் சின்னதாக அறுகு வளர்த்திருக்கிறேன். 20 அடிக்கு 30 அடிதான். இதற்கும் மோட்டர் வேண்டுமா? — வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: வேண்டாம். 56 சதுர மீற்றருக்குக் கையால் தள்ளும் உருளை மெசின் தாராளம். 30 முதல் 38 சென்ரிமீற்றர் அகலத்தில் வரும். உருளையில் உள்ள ஐந்து தகடுகள் கீழே அசையாமல் நிற்கும் தகட்டோடு உரசிப் புல்லைக் கத்தரிக்கும். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங், துணியின் மேற்பரப்பை மழிக்கும் ஆலை உருளையைப் பார்த்துச் செய்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதுதான். அறுகுக்கு இதைவிடச் சுத்தமான வெட்டு வேறெதிலும் கிடைக்காது.

ஆனால் மூன்று சங்கடங்கள் உண்டு. புல்லு 10 சென்ரிமீற்றரைத் தாண்டினால் மெசின் அதை வெட்டாமல் சாய்த்துவிட்டுப் போகும். ஈர்க்கு, பனங்கொட்டை நார், சிறு கல் எது பட்டாலும் உருளை இறுகி நிற்கும். வெட்டமுதல் ஈர்க்குமாறால் ஒருமுறை கூட்டிவிடுங்கள். மூன்றாவது உங்கள் ஊர் மணல். மண் தெரியும் இடங்களில் சில்லு சறுக்கும், சில்லுச் சுற்றாவிட்டால் உருளையும் சுற்றாது. புல்லு அடர்த்தியாகும் வரை பொறுத்து வாங்குங்கள். கூர் சரியா என்று பார்க்க, பத்திரிகைத் தாள் துண்டை இரு தகடுகளுக்கும் நடுவே பிடித்து உருளையைக் கையுறை போட்ட கையால் மெல்லச் சுற்றுங்கள். நீளம் முழுவதும் தாள் அறுபட வேண்டும். அறாத இடத்தில் கீழ்த்தகட்டின் திருகாணியைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.

கேள்வி: கனடாவிலிருக்கும் அண்ணா வருகிறபோது தான் பாவித்த கரண்ட் மெசினைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? — வாசகர், மானிப்பாய்

பதில்: வயர் மெசின் என்றால் அண்ணாவுக்கு நன்றி சொல்லி அங்கேயே விடச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நேரே கொடுத்தால் மோட்டர் உடனேயே எரிந்துவிடும். 12 அம்பியர் மெசினுக்கு 1,440 வாற். அதற்கு 2,000 வீ.ஏ. ட்ரான்ஸ்போமர் வேண்டும். அந்தப் பாரத்தை வளவுக்குள் தூக்கித் திரிய முடியாது, விலையும் கட்டாது. லண்டனில் பாவித்த மெசின் என்றால் வோல்ற் பிரச்சினை இல்லை. அங்கத்தைய சதுர முனைப் பிளக்குக்குப் பொருத்தமான சொக்கற் வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பற்றரி மெசின் என்றால் சார்ஜரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '100–240' என்று இருந்தால் இங்கே ஓடும். '120' மட்டும் இருந்தால் ஓடாது. பற்றரியைப் பயணப் பொதியில் கொண்டுவருவதிலும் கட்டுப்பாடு உண்டு. வோல்ற்றையும் அம்பியர் அவரையும் (Ah) பெருக்குங்கள்: 36 வோல்ற், 4 அம்பியர் அவர் என்றால் 144 வாற் அவர் (Wh). 100க்கும் 160க்கும் இடைப்பட்ட உதிரிப் பற்றரியை விமான நிறுவனத்தின் அனுமதியோடு கையில்தான் கொண்டுவரலாம். 160ஐத் தாண்டினால் பயணி கொண்டுவர முடியாது. பெரிய மெசின்களின் பற்றரி பெரும்பாலும் தாண்டித்தான் இருக்கும். பிறகு அந்தப் பற்றரி செத்தால் அதே மாதிரி இங்கே கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: போன வருடம் 46 சென்ரிமீற்றர் பெற்றோல் மெசின் வாங்கினோம். மழை தொடங்கிய பிறகு இடையிடையே நின்றுவிடுகிறது. வெட்டி இரண்டு நாளில் புல்லு நுனியெல்லாம் வெள்ளையாகக் காய்ந்தமாதிரித் தெரிகிறது. மெசின் காணாதா? — வாசகர், உரும்பிராய்

பதில்: மெசின் காணும், கத்திதான் மொட்டை. நுனியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நேராக அறுபடாமல் நார் நாராகக் கிழிந்திருக்கும், அந்த நார் காய்ந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. உரும்பிராய்ச் செம்மண்ணில் சுண்ணாம்புக்கல் மேலேயே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு, மூன்று கல்லில் பட்டாலே கத்தியின் கூர் போய்விடும்.

கழற்றும் முறை இது. முதலில் எஞ்சினில் உள்ள ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி எட்ட வையுங்கள். இதைச் செய்யாமல் கீழே கைவைக்க வேண்டாம். கத்தியைக் கையால் சுற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம். மெசினைச் சரிக்கும்போது காற்று வடிகட்டியும் கார்புரேட்டரும் மேல்நோக்கி இருக்க வேண்டும். மறுபக்கம் சரித்தால் ஒயில் வடிகட்டிக்குள் இறங்கும், பிறகு வெள்ளைப் புகை தள்ளும், ஸ்ராட் எடுக்காது. கத்திக்கும் மூடிக்கும் நடுவே மரத்துண்டு ஒன்றைச் செருகி நட்டை இடப்பக்கமாகத் திருப்புங்கள். கத்தியை வைஸில் பிடித்து, பழைய சரிவின்படியே (ஏறத்தாழ 30 பாகை) மேல்பக்கம் மட்டும் அரமிடுங்கள். சவர அலகுபோல் கூராக்கத் தேவையில்லை. அது முதற் கல்லிலேயே மடியும். பிறகு சுவரில் அடித்த ஆணியில் நடு ஓட்டையை மாட்டிப் பாருங்கள். ஒருபக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அரமிட வேண்டும். நிறை சமமில்லாத கத்தி மெசினை உதறவைத்து எஞ்சின் தண்டையும் கெடுக்கும். பூட்டும்போது வளைந்த இறகுப் பக்கம் மேலே, மூடியைப் பார்த்து இருக்க வேண்டும்.

நின்றுபோவதற்குக் காரணம் வேறு. மழையில் 12 சென்ரிமீற்றர் வளர்ந்த புல்லை ஒரே வெட்டில் 4க்குக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருமுறையில் வெட்டக்கூடாது. 12 இருந்தால் முதல் நாள் 8, மூன்று நாள் கழித்து 6, பிறகுதான் 4. இல்லாவிட்டால் ஈரப்புல்லு மூடிக்குள் அப்பிக் கத்தியைப் பிடிக்கும். காலையில் பனியோடு வெட்டாமல் பத்து மணிக்குப் பிறகு வெட்டுங்கள். அறுகை 3 முதல் 4 சென்ரிமீற்றரிலும், மரநிழலில் வளரும் அகல இலைப் புல்லை 5 சென்ரிமீற்றரிலும் வைத்திருந்தால் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கல்லில் பலமாக அடிபட்டு நின்ற மெசின் பிறகு ஸ்ராட் எடுக்காமல் கயிற்றைத் திருப்பி இழுத்தால், மேலே உள்ள பாரச்சில்லின் சாவி அறுந்திருக்கும். எஞ்சினைக் காப்பதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்த சின்னத் துண்டு அது. விலை அதிகமில்லை. எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் சாவியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழக மைதானத்துக்கு மெசின் வாங்க வெளிநாட்டிலுள்ள பழைய வீரர்கள் காசு சேர்த்திருக்கிறார்கள். உதைபந்தாட்ட மைதானம். 53 சென்ரிமீற்றர் மெசின் இரண்டு வாங்கலாம் என்று ஒரு கருத்து. — கழகச் செயலாளர், குருநகர்

பதில்: 100 மீற்றருக்கு 64 மீற்றர் மைதானம் என்றால் 6,400 சதுர மீற்றர், இருபத்தைந்து பரப்பு. 53 சென்ரிமீற்றர் மெசினின் பயன்படும் அகலம் 48. ஒருமுறை வெட்டி முடிக்க 13 கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும்! இரண்டு மெசின் என்றால் ஆளுக்கு ஆறரை. முதல் மாதம் பெடியன்கள் நடப்பார்கள்.

ஏறியிருந்து ஓட்டும் 107 சென்ரிமீற்றர் (42 அங்குல) மெசின் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். ஆனால் வாங்கமுதல் மூன்றை உறுதி செய்யுங்கள்: பூட்டி வைக்கக் கூரையுள்ள அறை, ஓட்டுவதற்குப் பொறுப்பான ஒருவர், பட்டியும் கத்தியும் கொழும்பிலிருந்தாவது எடுக்கக்கூடிய ரகம். கடற்காற்றில் இரும்பு மூடி விரைவில் துருவேறும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி, காயவிட்டு, ஒயில் துணியால் துடைத்தால்தான் தாக்குப்பிடிக்கும். மைதானம் ஊறியிருக்கும் நாளில் இறக்கவே கூடாது, ரயர்த் தடம் பள்ளமாகிப் பிறகு காலை முறிக்கும்.

வேறு வழியும் உண்டு. மாரி முடிந்து முழங்காலளவு வளர்ந்த முதல் வெட்டுக்கு உழவு இயந்திரத்தில் பூட்டும் சிலாஷரை வாடகைக்குப் பிடியுங்கள். சேர்த்த காசை ஒரு 53 மெசினுக்கும் கோலடியைச் சுற்றி வெட்டத் தோளில் மாட்டும் மெசினுக்கும் செலவழித்து, மிச்சத்தைத் தண்ணீர் வசதிக்கு வையுங்கள். மாசியிலிருந்து புரட்டாதி வரை தண்ணீர் இல்லாவிட்டால் அங்கே வெட்டுவதற்குப் புல்லே இராது.

கேள்வி: தை மாதம் நன்றாக ஓடிய மெசின் ஐப்பசியில் எடுத்தால் ஸ்ராட் வருவதில்லை. ஒவ்வொரு வருடமும் இதே கதை. தோளில் மாட்டும் மெசினும் அப்படித்தான். — வாசகர், சாவகச்சேரி

பதில்: எட்டு மாதம் தாங்கியில் கிடந்த பெற்றோல்தான் காரணம். ஒரு மாதம் தாண்டினாலே பெற்றோல் பழுதாகத் தொடங்கும். நமது வெக்கையில் இலகுவான பகுதி ஆவியாகி, மிச்சம் பசையாகக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். கடைசி வெட்டு முடிந்ததும் தாங்கியை வடித்து, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். சூட்டோடு ஒயிலையும் மாற்றுங்கள். இத்தகைய எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் அரை லீற்றர் சொச்சம், 10W-30 அல்லது SAE 30. அளவு கோலின் மேற்கோட்டைத் தாண்டக்கூடாது. பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெல்ல இழுத்துப் பூட்டி வையுங்கள்.

தோள் மெசின் இரண்டு ஸ்ரோக் என்பதால் ஒயிலைப் பெற்றோலில் கலக்க வேண்டும். மூடியில் 50:1 என்றிருந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25:1 என்றால் 40. இதில் நான்கு ஸ்ரோக் ஒயிலை ஊற்றிக் கெடுப்பவர்கள் அநேகம். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலவுங்கள்.

இப்போது அடைத்திருக்கும் மெசினுக்கு: பழைய பெற்றோலை முழுவதும் வடித்து, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, நடுவிலுள்ள ஜெற்றைக் கிளீனர் அடித்துக் கழுவுங்கள். ஓட்டையைக் கம்பியால் குத்த வேண்டாம், பெருத்துவிடும். மெல்லிய நைலோன் இழை போதும். புதுப் பெற்றோல் ஊற்றி, சோக் போட்டு இழுங்கள். அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் மறுபடி கார்புரேட்டர்.