ஒற்றைச் சிகரெட்டில் படம் ஏது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் படகு வேலைக்குப் போகிறவர். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடிக்கிறார். கையில் காசு குறைந்தால் பீடிக்கு மாறிக்கொள்கிறார். பெட்டியின்மேல் புற்றுநோய்ப் படம் போட்டாயிற்று, வரியும் ஏற்றியாயிற்று என்கிறார்கள். பிறகும் ஏன் இந்தப் பழக்கம் ஒழியவில்லை?
– வாசகி, காசிமேடு

பதில்: நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பழக்கம் குறைந்துதான் வந்திருக்கிறது. புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்திய வயது வந்தோர் 2009-10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 34.6 விழுக்காடு, 2016-17இல் அது 28.6 விழுக்காடாக இறங்கியது. ஆனால் அந்தப் படமும் வரியும் உங்கள் கணவரை ஏன் எட்டவில்லை என்பதற்கான விடை பெட்டிக்கடையில் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், மீன் ஏலம் நடக்கும் நேரத்தில், துறைமுகத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடையின் ஓரமாக அரை மணி நேரம் நின்றிருந்தேன். வந்தவர்களில் ஒருவர்கூட முழுப் பெட்டி வாங்கவில்லை. காசை நீட்டியதும் கடைக்காரர் பெட்டியைத் தம் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு சிகரெட்டை மட்டும் உருவித் தருவார். வாங்கியவர் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த கயிற்றின் கனலில் அதைப் பற்றவைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். பெட்டியின் இரு முகங்களிலும் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படம் நிறைக்க வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அன்று அந்தப் படத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருந்தவர் விற்றவரே தவிர, புகைத்தவர் அல்லர். இதைவிட வேடிக்கை, பழக்கத்தை விட விரும்புவோர் அழைப்பதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் 2018 முதல் அதே பெட்டியில்தான் அச்சிடுகிறார்கள்.

விலையின் கதையும் இதுவே. விலை 10 விழுக்காடு ஏறினால், நம்முடையதைப் போன்ற வருமானமுள்ள நாடுகளில் புகையிலைப் பயன்பாடு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் பெட்டிக்கு இருபது ரூபாய் ஏறும்போது, ஒன்றொன்றாக வாங்குபவருக்கு அது ஒரு தடவைக்கு இரண்டு ரூபாயாகத்தான் தெரிகிறது; அதுவும் கட்டாதபோது பக்கத்திலேயே பீடிக்கட்டு இருக்கிறது. சில்லறை விலையில் குறைந்தது 75 விழுக்காடு வரியாக இருக்க வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்லிவர, நம் நாட்டில் பீடிக்கு அதன் அருகில்கூட வரி வந்ததில்லை. போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் பீடியின் வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காப்பதே இந்தச் சலுகையின் நோக்கம் என்பார்கள். அவர்களுடைய கூலியை உயர்த்தவும் மாற்றுத் தொழிலுக்கு வழிகாட்டவும் வேறு முறைகள் இருக்க, பீடியை மலிவாக்குவது அவர்களுக்குச் செய்யும் உதவி என்று எனக்குத் தோன்றவில்லை.

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003, உதிரி விற்பனையை நேரடியாகத் தடை செய்யவில்லை. கர்நாடகம் 2017இலும் மகாராஷ்டிரம் 2020இலும் தாமாகவே தடை செய்தன. தடை போட்டால் பெட்டிக்கடைக்காரரின் வருமானம் அடிபடும் என்பது உண்மைதான். ஆயினும் படம், வரி, உதவி எண் ஆகிய மூன்றும் ஒழுகிப்போகும் ஓட்டை அது ஒன்றே என்பதால், முதலில் அதை அடைக்க வேண்டும் என்பேன்.

உங்கள் கணவர் பெட்டியில் பார்த்திருக்க வாய்ப்பில்லாத அந்த எண்: 1800-11-2356. தமிழிலேயே பேசலாம். அவர் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து, நீங்களே எண்ணை அழுத்தி அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருப் பள்ளிக்கு எதிர்க் கடையில் மாணவர்களுக்கு மாவா விற்கிறார்கள். குட்கா தடை செய்யப்பட்டதுதானே?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஆம். தமிழ்நாட்டில் 2001இலேயே தடை போட்டார்கள்; அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்று 2011இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதியை அடிப்படையாகக் கொண்டு 2013இல் மீண்டும் தடை விதிக்கப்பட்டது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்ய, சில மாதங்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆனால் சீவல், புகையிலை, சுண்ணாம்பு ஆகியவற்றை வீட்டில் கசக்கி, சின்ன பாலித்தீன் பையில் கட்டி விற்கும் மாவாவுக்குத் தொழிற்சாலையும் இல்லை, பெயரும் இல்லை. ஆகவே தடையாணை அதைப் பிடிக்கத் திணறுகிறது.

உங்கள் புகாருக்கு வலுவான பிடி வேறு இடத்தில் இருக்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலை விற்பதும் 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் 200 ரூபாய்தான், அதை ஒரு மணி நேர வியாபாரத்தில் எடுத்துவிடுவார்கள். ஆனால் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, சிறாருக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தலைமையாசிரியரின் கையொப்பத்துடன், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கொடுங்கள். வாய்ப் புகாரென்றால் கடைக்காரரை எச்சரித்து அனுப்பிவிடுவதோடு முடிந்துவிடும்.

கேள்வி: நான் டீக்கடை நடத்துகிறேன், சிகரெட் விற்பதில்லை. வாடிக்கையாளர் பிடித்ததற்கு எனக்கு அபராதம் போட்டார்கள். இது நியாயமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சட்டப்படி சரி. பொது இடத்தில் புகைக்கும் தடை 2008 அக்டோபர் 2 முதல் விரிவாக நடைமுறைக்கு வந்தபோதே, இடத்தின் உரிமையாளரும் பொறுப்பு என்று விதி செய்துவிட்டார்கள். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ‘இங்கு புகைபிடிப்பது குற்றம்’ என்ற பலகை வாசலில் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் என்று புகைக்க உதவும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சிகரெட் விற்பதில்லை என்கிறீர்கள். தூணில் கயிறு கட்டிவைத்திருந்தால், பலகை எழுதக் கொடுப்பதற்கு முன் அதை அவிழ்த்துவிடுங்கள்.