நிறவெறி ஆட்சியில் மனசாட்சியுள்ள ஒருவர் நீதிபதியாக இருந்தது சரியா? ராஜினாமா செய்திருக்க வேண்டாமா?

இருந்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் இது விளங்காது, அதனால் தென்னாப்பிரிக்க நீதிபதி ஜான் டிட்காட் பற்றிச் சொல்கிறேன்.

1931-ல் டர்பனில் பிறந்த வெள்ளையர். மாணவப் பருவத்தில் தேசிய மாணவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். நிறவெறி அவருக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் 1975-ல் அதே அரசு அவரை நேட்டால் மாகாண நீதிபதியாக நியமித்தது, அவரும் ஏற்றுக்கொண்டார்.

அன்றைக்கு அங்கே நாடாளுமன்றம் நிறைவேற்றியதுதான் சட்டம். உரிமைக்கு விரோதம் என்று சொல்லி ஒரு சட்டத்தை ரத்து செய்ய எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. சட்டத்தின் சொற்களுக்கு என்ன பொருள் என்று பார்க்கலாம், எங்காவது சந்து கிடைக்கிறதா என்று தேடலாம், அவ்வளவுதான்.

1979-ல் டிட்காட்டுக்கு அப்படி ஒரு சந்து கிடைத்தது. நகரத்தில் வேலையில்லாமல் இருக்கும் கறுப்பினத்தவரைச் 'சோம்பேறி' என்று அறிவித்து ஊரைவிட்டே அனுப்ப அப்போது ஒரு சட்டம் இருந்தது. வேலை கிடைக்காததும், வேலை தேடி வேறு ஊருக்குப் போக முடியாததும் அதே அரசின் சட்டங்களால்தான் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு அதிகாரி உத்தரவு போடுவார், அப்புறம் கோப்பு நீதிபதியிடம் வரும், நடவடிக்கை நீதிக்கு உகந்தது என்று அவர் சான்றளிக்க வேண்டும். டூபே என்பவரின் கோப்பு வந்தபோது டிட்காட் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். சட்டப்படி நடந்ததா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் எழுதியாக வேண்டும், ஆனால் கேட்டது நீதியைப் பற்றி. நாடாளுமன்றம் இயற்றியது சட்டம்தான், ஆனால் சட்டம் எப்போதும் நீதியாகிவிடாது, சட்டம் நீதியாக இருக்க வேண்டுமென்றால் நியாயமான சட்டத்தை இயற்றுவது ஒன்றே வழி என்ற பொருளில் எழுதி, சான்று தர மறுத்துவிட்டார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

மரண தண்டனை தாராளமாக விதிக்கப்பட்ட நாடு அது. டிட்காட் ஒருவருக்குக்கூட அதை விதிக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியை 1983-ல் டர்பனிலேயே சட்டப் பேராசிரியர் ரேமண்ட் வாக்ஸ் எழுப்பினார்: நேர்மையான நீதிபதிகள் விலகிவிட வேண்டும், இருப்பது அநீதிக்கு மரியாதை தேடித் தருகிறது என்றார். இன்னொரு சட்டப் பேராசிரியரான ஜான் டுகார்ட் மறுத்தார்: அப்படியானால் வழக்கறிஞர்களும் சட்டம் கற்பிப்பவர்களும்கூட அல்லவா விலக வேண்டும்? வாக்ஸ் சொன்னதில் உண்மை இருக்கிறது. டூபேக்கு எதிரான உத்தரவுக்குச் சான்று கிடைக்கவில்லை, ஆனால் அந்தச் சட்டம் அப்படியே இருந்தது, கறுப்பினத்தவர் நகரங்களில் நுழைவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் 1986-ல்தான் நீக்கப்பட்டன.

ஆனாலும் டிரான்ஸ்வால் நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோனின் 1982 தீர்ப்பைப் பாருங்கள். வெள்ளையர் பகுதியில் குடியிருந்ததற்காக கோவெண்டர் என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணைத் தண்டித்து, வீட்டைக் காலி செய்யவும் உத்தரவிட்டிருந்தார்கள். காலி செய்ய உத்தரவிடலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, உத்தரவிட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, அவர் போக வேறு வீடு இருக்கிறதா என்று பார்க்காமல் வெளியேற்றக் கூடாது என்றார் கோல்ட்ஸ்டோன். அதற்குப் பிறகு அந்த மாதிரி வழக்குகளே ஏறக்குறைய நின்றுபோயின. அவர் ராஜினாமா செய்திருந்தால் அந்தக் கோப்பு யார் மேசைக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு டிட்காட் புதிய அரசமைப்பு நீதிமன்றத்தின் முதல் பதினொரு நீதிபதிகளில் ஒருவரானார். 1995 ஜூனில் வழக்கை விசாரித்த பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக மரண தண்டனையை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தார்கள், அதில் அவர் தனியாகவும் ஒரு தீர்ப்பு எழுதினார். இருபது வருடம் தான் கொடுக்க மறுத்த தண்டனை சட்டத்திலிருந்தே போனதைப் பார்த்துவிட்டு, 1998-ல் இறந்தார்.