கனடாவா, ஆஸ்திரேலியாவா? தேர்வுக் கட்டணம் கட்டும் முன்

கேள்வி: சி.ஏ. முடித்து 9 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் தணிக்கை, இப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. வயது 34. கணவர், குழந்தையோடு கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடியேற விண்ணப்பிக்கப் போகிறோம். ஓராண்டுக் குடும்பச் செலவுக்கு ஆகும் அளவு சேமிப்பு உண்டு. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. கணக்காளர் தேர்வுகளில் அமெரிக்க சி.பி.ஏ. எழுது, பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ. எழுது, அமெரிக்க சி.எம்.ஏ. போதும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிளம்பும் முன்பே ஏதாவது ஒன்றில் பணம் போட்டுவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இப்போதைக்கு எதிலும் போடாதீர்கள். எந்த நாடு என்றே முடிவாகவில்லை. கணக்காளர் தொழிலில் நாடு மாறினால் கழகம் மாறும், சட்டம் மாறும், வரி முழுவதுமாக மாறும். அதற்குள் தேர்வுக்குப் பணம் கட்டுவது அவசரம்.

உங்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். விசாவுக்காக உங்கள் படிப்பை மதிப்பிடுவது ஒன்று. அந்த நாட்டுக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராவது இன்னொன்று. வேலை கிடைப்பது மூன்றாவது. ஆஸ்திரேலியாவில் சி.பி.ஏ. ஆஸ்திரேலியா, சி.ஏ. ஏ.என்.இசட்., ஐ.பி.ஏ. ஆகிய மூன்று கழகங்கள்தான் கணக்காளர்களின் தகுதியை விசாவுக்காக மதிப்பிடுகின்றன. மதிப்பீட்டைத் தருவதே கழகம் என்பதால், அது கையில் வந்ததும் உறுப்பினராகிவிட்டோம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, உறுப்பினராவதற்குத் தனி விண்ணப்பம், தனி நிபந்தனைகள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறைக்கு டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு அமைப்பிடம் கல்விச் சான்று மதிப்பீடு வாங்குவீர்கள். அது 5 ஆண்டு செல்லும், ஆனால் அதை வைத்து உங்களைக் கனடாவின் சி.பி.ஏ. (அந்நாட்டின் கணக்காளர் பட்டம், அமெரிக்க சி.பி.ஏ. வேறு) என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பட்டத்தைத் தருவது அந்தந்த மாகாணக் கழகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிறுவனக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கப் பெரும்பாலும் உரிமமே தேவையில்லை. தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடத்தான் அது வேண்டும். எனவே உரிமம் வரும்வரை காத்திருக்காமல் வேலை தேடலாம். முதல் வேலை உங்கள் இப்போதைய பதவிக்கு ஓரிரு படி கீழே அமையக்கூடும்: சப்ளையர் பில் சரிபார்ப்பது, சம்பளப் பட்டியல் போடுவது, மாதக் கணக்கு முடிப்பது என்று. மனசுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் உள்ளூர் வரி, உள்ளூர் மென்பொருள், உள்ளூர் மேலாளர் ஒருவரின் பரிந்துரை மூன்றும் அங்கேதான் கிடைக்கும். தேர்வுக் கட்டணத்தை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க சி.பி.ஏ. தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம், மதிப்பும் அதிகம். ஆனால் அது அமெரிக்க மாநிலங்கள் தரும் உரிமம், பாடத்தில் பாதி அமெரிக்க வரியும் அமெரிக்கக் கணக்கியல் விதிகளும். கனடாவுக்குப் போகிறவர் அதைப் படிப்பானேன்? கனடா, ஆஸ்திரேலியக் கழக உறுப்பினர்களுக்கு அமெரிக்காவில் தனி அங்கீகார வழி இருக்கிறது, இந்திய சி.ஏ.வுக்கு இல்லை. பின்னால் அமெரிக்கா போகும் எண்ணம் வந்தாலும், முதலில் போகும் நாட்டுக் கழகத்தில் அதன் வழக்கமான தேர்வுகளை எழுதிச் சேர்ந்தால் அந்த வழி திறந்திருக்கலாம்; வேறு கழக ஒப்பந்தத்தின் மூலம் சேர்ந்தவர்களுக்கு அது பொருந்துமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி.சி.ஏ.வின் 13 தாள்களில் இந்திய சி.ஏ.வுக்கு 9 வரை விலக்கு கிடைக்கும் (விலக்குக்கும் கட்டணம் உண்டு). பிரிட்டன், வளைகுடா என்றால் யோசிக்கலாம். நீங்கள் சொல்லும் இரண்டு நாடுகளில் உங்கள் சி.ஏ.வுக்கு மேல் அது பெரிதாக எதையும் சேர்க்காது. அமெரிக்க சி.எம்.ஏ. இரண்டே தாள், நிறுவன நிதிப் பிரிவுக்குப் பொருத்தம். நாட்டை முடிவு செய்த பிறகும் ஆசை இருந்தால் அதைப் பார்க்கலாம்.

சி.பி.ஏ. ஆஸ்திரேலியா உட்படச் சில வெளிநாட்டுக் கழகங்களோடு ஐ.சி.ஏ.ஐ. (சி.ஏ. பட்டம் தரும் இந்தியக் கழகம்) அங்கீகார ஒப்பந்தம் செய்திருக்கிறது. பயிற்சி மைய விளம்பரத்தைப் பார்க்கும் முன் அந்த ஒப்பந்தத்தின் இன்றைய நிலையைப் படியுங்கள். எந்தத் தாள் உங்களுக்குத் தேவையே இல்லை என்பது அதில்தான் இருக்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலையில் செலவு குறைவு, அலைச்சல் அதிகம். ஐ.சி.ஏ.ஐ. உறுப்பினர் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் ஒழுங்கான உறுப்பினர்தான் என்ற கடிதத்தைப் புதிய கழகம் கட்டாயம் கேட்கும். பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலை நேரடியாக மதிப்பீட்டு அமைப்புக்கே அனுப்பச் சொல்வார்கள், கையோடு பாடத்திட்ட விவரத்தையும் வாங்கிவையுங்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு தேர்வுத் துறைக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் எப்போது வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம், அனுபவக் கடிதம். "உதவி மேலாளராகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்ற இரண்டு வரி எதற்கும் உதவாது. என்னென்ன செய்தீர்கள், முழுநேரமா, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, யாருக்குக் கீழே என்று எழுதி வாங்குங்கள். நிறுவனங்களின் சட்டத் தணிக்கை, ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கை, ஜி.எஸ்.டி. சரிபார்ப்பு என்று வேலை பெயரோடு இருக்க வேண்டும். ஆர்ட்டிக்கிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) காலத்துக்கும் இதே மாதிரி ஒன்று. வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் பழைய முதலாளிக்கும் சுலபம்.

சேமிப்பைப் பற்றி. கனடாவுக்குத் திறன்மிகு தொழிலாளர் பிரிவில், வேலை உத்தரவாதம் இல்லாமல் விண்ணப்பித்தால் குடியேற்றத் தொகை கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. வங்கிக் கடிதத்தில் கடந்த 6 மாதச் சராசரி இருப்பும் கேட்கப்படும். கடைசி வாரத்தில் பெரிய தொகையைக் கொண்டுவந்து போட்டாலும், நடுவில் பயிற்சி மையத்துக்கு எடுத்துக் கொடுத்தாலும் சராசரியில் தெரிந்துவிடும். எனவே அந்தக் கணக்கைத் தொடாதீர்கள். வேலை இல்லாத முதல் மாதங்களுக்கான வீட்டு வாடகையும் சாப்பாடும் அந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். தேர்வுக்கான நிதியை முதல் சம்பளம் வந்த பிறகு தனியாகச் சேர்க்க ஆரம்பியுங்கள்.

வீட்டுக் கடனைச் சேமிப்பிலிருந்து அடைத்துவிட்டுப் போகலாமா என்று நினைக்கிறீர்கள் என்றால், வேண்டாம். கையில் ரொக்கம் இருப்பது இந்த நேரத்தில் அதைவிட முக்கியம். 6 மாதத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து, தவணை தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். வீட்டை வாடகைக்கு விட முடிந்தால் இன்னும் நல்லது. நாடு மாறியதும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியரின் ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும் என்பதும், வாடகையை அதில் பெறலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் சி.ஏ.க்களே மறந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.