வாசகர் கேள்விகள்: பேரேட்டுத் தாளில் ஒரு குடை

கேள்வி: அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் பூர்வகுடிகளான ஷையான், அரப்பாஹோ மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய கணக்குப் பேரேடுகளில் வரைந்த ஓவியங்கள் சிலவற்றைப் பார்த்தேன். போர்க் காட்சிகளுக்கு நடுவே ஓர் ஆணும் பெண்ணும் குடையுடன் நிற்கும் படங்களும் இருந்தன. குதிரையும் ஈட்டியுமாக வாழ்ந்தவர்களிடம் குடை எப்படி வந்தது? காதலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: குடை வணிகர்களிடமிருந்து வந்தது. பெண்கள் பதப்படுத்திக் கொடுத்த காட்டெருமைத் தோல்களுக்கு மாற்றாகக் கம்பளித் துணி, கண்ணாடி மணிகள், செந்நிறப் பொடி, பித்தளைக் கம்பி முதலியவற்றை வணிகர்கள் கொடுத்துவந்தார்கள். அந்தச் சரக்குகளோடு குடையும் சேர்ந்துகொண்டது. மரங்கள் அரிதான அந்தப் புல்வெளியில் அது பெரும்பாலும் வெயிலுக்கே பயன்பட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதால், பிடித்திருப்பவரின் வசதியையும் அது ஊருக்குச் சொன்னது.

காதலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை அறிய, அதற்கு முன்பிருந்த போர்வை வழக்கத்தைப் பார்க்க வேண்டும். ஷையான் குடும்பங்களில் வயதுவந்த பெண்ணைத் தாயும் மற்ற மூத்த பெண்களும் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். ஆகவே, அவளிடம் பேச விரும்பிய இளைஞன், அவள் தண்ணீர் எடுக்கவோ விறகு பொறுக்கவோ செல்லும் பாதையில் காத்து நிற்பான்; அவள் நின்றால், தன் போர்வையை இருவர் தலையும் மறையும்படி சுற்றிக்கொண்டு உள்ளே பேசுவான். இது பெரும்பாலும் அவளுடைய கூடாரத்துக்கு அருகிலேயே, எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது. பார்ப்பவர்கள் பார்க்காததுபோல் கடந்துபோவது அங்கே மரியாதை. ஒரே பெண்ணிடம் பேசச் சில இளைஞர்கள் முறை வைத்துக் காத்திருந்ததும் உண்டு. இப்படிப் பேசிப் பழகும் காலம் சில ஆண்டுகள்கூட நீளும்.

ஓவியர்கள் இதை வரைந்த விதம் அழகானது. ஒரே போர்வையின் கோட்டுருவம். அதன் மேல் விளிம்பில் நெருங்கிய இரு தலைகள். கீழ் விளிம்பில் இரு வகைக் கால்கள். முகங்களில் உணர்ச்சி காட்டும் வழக்கம் இந்த மரபில் இல்லாததால், யார் ஆண், யார் பெண், யார் எவ்வளவு அலங்கரித்து வந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஆடையும் அணியுமே சொல்லியாக வேண்டும். நீலமும் சிவப்புமான கம்பளி, அதன் குறுக்கே ஓடும் மணிவேலைப் பட்டை, பின்னலில் சுற்றிய நீர்நாய்த் தோல், கன்னத்தின் சிவப்புப் பூச்சு ஆகியவற்றை ஓவியர் ஒன்றுவிடாமல் தீட்டுவது அதனால்தான்.

குடை இந்த இடத்தில்தான் நுழைகிறது. போர்வையைப் போலவே அதுவும் கூட்டத்துக்கு நடுவில் இருவருக்கு மட்டுமான ஓர் இடத்தை உண்டாக்கித் தருகிறது. ஆனால் போர்வை மறைத்துவிடும் நல்ல உடையை அது மறைப்பதில்லை. ஓவியருக்கு இரண்டும் வேண்டும் என்பதால், இதைவிட வசதியான பொருள் அவருக்குக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: குடை வெள்ளையர் பொருள்தானே? அப்படியானால் இந்தப் படங்கள், பழைய வாழ்க்கை மறைந்து அந்நியப் பழக்கம் குடியேறியதைக் காட்டுகின்றன என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. அந்தக் கணக்கில் பார்த்தால் கம்பளியும் கண்ணாடி மணியும் வெளியிலிருந்து வந்தவையே. ஏன், படம் வரைந்த தாளும் பென்சிலும்கூட அப்படித்தான். முன்பு ஆண்கள் தங்கள் வீரச் செயல்களைக் காட்டெருமைத் தோலில் தீட்டினார்கள். வணிகர்களிடமிருந்தும் அமெரிக்கப் படையினரிடமிருந்தும் பேரேடுகள் கைக்கு வந்தபோது, அதே மரபு வரிகோடிட்ட தாளுக்கு இடம்பெயர்ந்தது. சில பக்கங்களில் பழைய வரவு செலவு எழுத்தின் மீதே குதிரைகள் பாய்கின்றன. 1869 ஜூலை 11 அன்று கொலராடோவின் சம்மிட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஷையான் முகாமைப் படையினர் தாக்கியபோது, அத்தகைய பேரேடு ஒன்று அவர்கள் கையில் சிக்கியது. ஆக, தோலில் தீட்டும் மரபு அதற்குள்ளேயே தாளில் நன்றாக ஊன்றிவிட்டிருந்தது.

நிலமும் வேட்டையும் பறிபோனது உண்மை. அதன் நிழல் இந்தப் படங்கள் மீது விழுந்திருப்பதும் உண்மை. தென் சமவெளியில் இந்த மக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த போருக்குப் பின் 1875-இல், ஷையான், அரப்பாஹோ, கயோவா முதலிய இனங்களைச் சேர்ந்த 72 பேர் விசாரணை ஏதுமின்றி ஃபுளோரிடாவின் மேரியன் கோட்டைக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டு, 1878 வரை அங்கே வைக்கப்பட்டார்கள். ஹவ்லிங் உல்ஃப், பேர்ஸ் ஹார்ட் போன்ற ஷையான் ஓவியர்கள் அங்கே பல ஏடுகளை நிரப்பினார்கள். சுற்றுலா வந்தவர்கள் ஓர் ஏட்டைச் சுமார் 2 டாலருக்கு வாங்கிச் சென்றார்கள். வாங்கியவர்களை உறுத்தாத வேட்டை, நடனம், காதல் ஆகிய காட்சிகள் அந்த ஏடுகளில் பெருகின. வாங்குபவரின் ரசனை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மனைவி மக்களை விட்டுத் தொலைதூரக் கோட்டையில் அடைபட்டவனுக்கு அந்தக் காட்சிகளை நினைக்க வேறு காரணம் தேவையில்லை.

கேள்வி: இவற்றைப் பெண்களும் வரைந்தார்களா?

பதில்: உருவங்களை வரைவது அந்நாளில் ஆண்களின் கலை, முள்ளம்பன்றி முள்வேலையும் மணிவேலையும் பெண்களின் கலை. ஆகவே காதல் படங்களையும் ஆண் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாகவே படிக்க வேண்டும். வென்ற சண்டைக்கு அடுத்த பக்கத்தில் காதல் காட்சி வருவது தற்செயல் அல்ல. இரண்டும் அவனுடைய பெயருக்குப் புகழ் சேர்ப்பவை.

பெண்ணின் பக்கம் இதில் அடங்கிவிடாது. பிடிக்காவிட்டால் அவள் போர்வையிலிருந்து விலகிப் போய்விடலாம். பேச்சு கனிந்த பிறகும், இளைஞனுக்காக மூத்த உறவினர் ஒருவர் குதிரைகளை ஓட்டிச் சென்று, பெண் வீட்டாரின் கூடாரத்தருகே கட்டிவிட்டுக் கேட்க வேண்டும். அவர்களுக்கு விருப்பமில்லையென்றால் குதிரைகள் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த குதிரைகளை எந்த இளைஞனும் ஆசையாக உட்கார்ந்து வரைந்திருக்க மாட்டான்.