தீப்பிடித்தால் யார், எந்த வழியாக? பெங்களூர் மெஸ், கடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

அல்சூரில் முதல் மாடியில் மெஸ் வைத்திருக்கிறேன் சார். 40 இருக்கை. இறங்க ஒரே மாடிப்படி, மூன்றடி அகலம். போதுமா?

இறங்கும் நேரத்தைப் பொறுத்தவரை அகலம் பிரச்சினை இல்லை. முட்டிமோதாமல் இறங்கினால் ஒரு நிமிடம் சொச்சத்தில் 40 பேரும் தெருவில் இருப்பார்கள். ஒரே படி என்பதுதான் பிரச்சினை. கீழே மீட்டர் பெட்டி எரிந்தால் படிக்கூண்டு புகைபோக்கியாகிவிடும், புகை நேராக உங்கள் மெஸ்ஸுக்குள்தான் வரும். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோடு கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத் தீயில் 9 பேர் இறந்தார்கள். புகை தாங்காமல் மேலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு.

கட்டட உரிமையாளரிடம் பேசிப் பின்சுவரில் ஒரு கதவும் வெளியே இரும்புப் படியும் போடுங்கள். முதல் படியிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். சமையலறையைத் தாண்டித்தான் அந்தக் கதவுக்குப் போக முடியும் என்றால் செலவு வீண், ஏனென்றால் தீ பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கும். இடம் மிச்சமாகும் என்று சுருள் படி போடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் வேகமாக இறங்க முடியாது. அதுவரை படிக்கு அடியில் பைக், காலி சிலிண்டர், அரிசி மூட்டை எதுவும் இருக்கக்கூடாது.

கடாயில் எண்ணெய் பற்றிக்கொண்டால் முதலில் அணைப்பதா, ஆட்களை வெளியேற்றுவதா?

இரண்டும் ஒரே நேரத்தில், வேறு வேறு ஆட்கள். மாஸ்டர் கேஸை அடைத்துவிட்டு, கடாயைத் தட்டையான உலோக மூடியால் அல்லது தீப்போர்வையால் மூட வேண்டும். ஆறும்வரை திறந்து பார்க்கக்கூடாது, காற்றுப்பட்டால் மறுபடி பற்றும். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு பெருகி, எரிகிற எண்ணெயைக் கூரைவரை வீசும். சிவப்பு சிலிண்டரில் வரும் பவுடர் தீநாக்கை அடக்கினாலும் எண்ணெயைக் குளிர்விக்காது. பொரிக்கிற அடுப்புக்கு ‘கே’ வகை அணைப்பான்தான் சரி. மூடியும் அடங்கவில்லையா, மாஸ்டரும் வெளியே வந்துவிட வேண்டும்.

கேஸ் மெயின் வால்வு அடுப்புக்குப் பின்னால் இருந்தால் அந்த நேரத்தில் கை எட்டாது. சமையலறை வாசலுக்கு அருகில் மாற்றுங்கள். எண்ணெய்த் தீ என்றால் எக்ஸாஸ்டை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தீயைப் பிசுக்கேறிய குழாய்க்குள் இழுத்துவிடும். கேஸ் வாடை மட்டும் வந்தால் விதி நேர் எதிர்: எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டர் கேஸ் (எல்பிஜி) காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு படர்ந்து பேஸ்மென்ட்டில் தேங்கும்.

எல்லோரையும் வெளியே போகச் சொன்னால் பில் கட்டாமல் போய்விடுவார்களே?

போகட்டும். கல்லாவில் இருப்பவர் பில்லுக்காக வாசலில் ஒரு ஆளை மறித்தால் பின்னால் வரிசை நின்றுவிடும். அவர் வேலை இரண்டு: கதவின் இரண்டு பக்கமும் திறப்பது, 112-க்கு அழைத்து முகவரியோடு பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் சொல்வது. சர்வர்கள் “தீ, தீ” என்று கத்தாமல், கையைக் காட்டி “இந்தக் கதவு வழியா வாங்க” என்று சொல்லட்டும். கன்னடத்திலும் இந்தியிலும் அதே வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஒரு சர்வருக்குக் கழிப்பறையும் ஏசி அறையும் மட்டும் பொறுப்பு. 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்து ரெஸ்டாரன்ட் தீயில் இறந்த 14 பேரில் பலர் கழிப்பறையில் ஒதுங்கியவர்கள்.

சிக்பேட்டையில் ஜவுளிக்கடை. எங்களுக்கு அடுப்பே இல்லையே?

ஷட்டர் இருக்கிறதே. ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஸ்டாக் எண்ணும் பழக்கத்தை விடுங்கள். மோட்டார் ஷட்டர் என்றால், கரண்ட் போனபின் கையால் தூக்கும் சங்கிலி எங்கே என்று ஒவ்வொரு பையனுக்கும் தெரியணும். கடைக்குள் நடக்கிற வழியில் ஒரு மீட்டராவது காலியாக வையுங்கள், பொம்மைகளையும் பண்டல்களையும் ஓரம் கட்டுங்கள்.

ஒத்திகை எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

ஒடிசா, நேபாளப் பையன்கள் அடிக்கடி மாறுகிற கடைக்கு மாதம் ஒன்று. எழுத்துப் பலகையைவிட அம்புக்குறியும் படமும் அவர்களுக்குப் புரியும். வியாபாரம் தொடங்குமுன் விசில் ஊதி, கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். இரண்டாவது ஒத்திகையில் முன்கதவை அடைத்துவிட்டு, யார் தயங்காமல் பின்கதவுக்குத் திரும்புகிறார் என்று பாருங்கள். எதிர்ச்சாரியில், தீயணைப்பு வண்டி நிற்கிற இடம் தவிர்த்து ஓர் இடம் குறித்து, வருகைப்பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிடுங்கள். அந்த நோட்டு கல்லாவிலேயே இருக்கட்டும்.