நிலாவெளி ரிசோர்ட் முற்பணம்: “திருப்பித் தரமாட்டோம்” என்று எழுதியிருந்தால் காசு போனதுதானா?

கேள்வி: சேர், நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். கனடாவிலிருந்து அண்ணா குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா குடும்பமும் ஆகஸ்ட் லீவுக்கு வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து நிற்பதற்கு நிலாவெளியில் ஒரு ரிசோர்ட்டில் கடலைப் பார்த்த மூன்று அறைகளை இரண்டு இரவுக்கு, பேஸ்புக் பக்கத்தைப் பார்த்து ஒழுங்கு செய்தேன். மொத்தம் 180,000 ரூபா. ஜூன் 28 அன்று பாதிக் காசு 90,000 ரூபாவை அவர்கள் தந்த கணக்கில் போட்டேன். போக நான்கு நாள் இருக்கும்போது, அந்த அறைகளை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டோம், வீதிக்கு மற்றப் பக்கக் கட்டடத்தில் தருகிறோம் என்றார்கள். அங்கிருந்து கடலே தெரியாது. வேண்டாம், காசைத் தாருங்கள் என்றேன். “முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று உறுதிப்படுத்தல் கடிதத்தின் அடியில் இருக்கிறதாம். கடைசியில் உப்புவெளியில் 215,000 ரூபா கொடுத்து வேறு இடம் எடுத்தோம். இப்போது அவர்கள் போன் எடுப்பதில்லை. காசு கிடைக்குமா? பொலிஸுக்குப் போவதா, வழக்குப் போடுவதா?

பதில்: ரீச்சர், முதலில் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வரியைக் காட்டித்தான் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஆட்களும் கையெழுத்துப் போட்டோமே என்று பேசாமல் போய்விடுகிறார்கள். “முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்பது நீங்கள் மனம் மாறிப் போகாமல் விட்டால் அவர்களுக்கு வரும் நட்டத்துக்கான பாதுகாப்பு. பேசிய அறையைத் தராமல் விட்டது அவர்கள். ஒப்பந்தத்தை முறித்தவர் தன் பக்கக் கடமையைச் செய்யாமல் உங்கள் காசையும் வைத்துக்கொள்ள அந்த வரி இடம் கொடுக்காது. அப்படித்தான் அந்த வரிக்கு அர்த்தம் என்று அவர்கள் வாதாடினாலும், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து நீட்டும் இப்படியான நிபந்தனை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும்.

வேறு கட்டடம் தருகிறோம் என்றார்களே, அதை மறுத்தது என் பிழையாகிவிடுமா என்று உங்களுக்குப் பயம் இருக்கலாம். இல்லை. நீங்கள் வாங்கியது வெறும் கட்டில் இல்லை, கடலைப் பார்த்த அறை. அதற்காகத்தான் அந்த விலை, அதற்காகத்தான் நிலாவெளி. கிட்டத்தட்ட அதே மாதிரியான அறையை அதே கரையில் தந்திருந்து நீங்கள் மறுத்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எவ்வளவு கேட்கலாம்? 90,000 ரூபா முற்பணம், அதோடு உப்புவெளியில் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்த 35,000 ரூபா, மொத்தம் 125,000 ரூபா. அந்த 35,000 கிடைக்க வேண்டுமென்றால் நான்கு நாளுக்குள் அதைவிட மலிவான, அதே தரமான இடம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும், ஆகவே அப்போது நீங்கள் மற்ற ஹோட்டல்களோடு பேசிய மெசேஜ்கள் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். கனடாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வந்த ஏமாற்றம், அம்மா அழுதது, இதற்கெல்லாம் நட்டஈடு கேட்கலாமா என்று நிறையப் பேர் என்னிடம் கேட்பதுண்டு. நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்குப் பொருந்துவது ரோமன் டச்சுச் சட்டம், அது பணமாகக் கணக்குப் பார்க்கக்கூடிய நட்டத்தைத்தான் பார்க்கும். எனக்கும் இது மனதுக்குக் கஷ்டமான பதில்தான், ஆனால் கிடைக்காத ஒன்றைக் கேட்டுக் கிடைக்க வேண்டியதைத் தாமதப்படுத்த வேண்டாம்.

இனி, என்ன செய்வது. அவசரமானது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி முறைப்பாட்டை எழுத்தில் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், விசாரித்த பிறகு காசைத் திருப்பிக் கொடுக்கும்படியோ நட்டஈடு கொடுக்கும்படியோ அவர்கள் உத்தரவிடலாம். அந்த மூன்று மாதம் சேவை தரப்பட்ட நாளிலிருந்து என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆனால் உங்களுக்குச் சேவையே தரப்படவில்லையே, அதனால் எதிர்ப்பக்கம் எந்த வாதத்தையும் எடுக்க முடியாதபடி காசு போட்ட ஜூன் 28இலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் செப்டம்பர் 27க்குள் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து வழி கேட்கலாம், ஆனால் போனில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் 30ஆம், 31ஆம் பிரிவுகளையும் குறிப்பிடுங்கள். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதும் பொய்யாக விளம்பரம் செய்வதும் அவற்றின் கீழ் தடுக்கப்பட்டவை.

அதே கிழமையில் ரிசோர்ட்டுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும்: என்ன பேசினோம், எவ்வளவு கட்டினேன், எந்த நாளில் என்ன சொன்னார்கள், 14 நாளுக்குள் 125,000 ரூபா தராவிட்டால் சட்ட நடவடிக்கை, அவ்வளவுதான். கோபத்தைக் கடிதத்தில் காட்ட வேண்டாம். யாருக்கு அனுப்புவது என்பதைக் கவனியுங்கள். பேஸ்புக் பக்கத்தின் பெயருக்கு யாரும் வழக்குப் போட முடியாது. காசு போன கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது, அது தனி ஆளா, பதிவு செய்த வியாபாரப் பெயரா, கம்பெனியா என்று பார்க்க வேண்டும். வங்கிப் பற்றுச்சீட்டில் இருக்கும் பெயரிலிருந்து தொடங்குங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் அந்த இடம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்றும் 1912க்கு அழைத்துக் கேளுங்கள். பதிவு இருந்தால் அங்கேயும் முறையிடலாம், அந்தப் பதிவை இழக்க ஹோட்டல்காரர்கள் விரும்பமாட்டார்கள் என்பதால் இந்தக் கடிதத்துக்குப் பிறகே பலர் பேச வருவார்கள்.

நேராக வழக்குப் போட முடியாது. இந்த அளவான தொகைக்கு மாவட்ட நீதிமன்றம் போக முன் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும், அங்கே தீரவில்லை என்ற சான்றிதழோடுதான் வழக்கு. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும், ஆனால் வகுப்பில் நின்று பேசும் உங்களுக்கு அது பெரிய காரியம் இல்லை. நேருக்கு நேர் இருத்திக் கேட்டால் காசைப் பாகம் பாகமாகவாவது தருகிறோம் என்று ஒத்துக்கொள்ளும் சம்பவங்கள் நிறைய. வழக்குக்கான காலம் பற்றிப் பதற வேண்டாம், எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம்.

பொலிஸ்? பேசிய அறையைத் தராமல் விட்டது மட்டும் குற்றம் ஆகாது, அது சிவில் விஷயம். காசு வாங்கும்போதே அறை தரும் எண்ணம் இல்லாமல் வாங்கியிருந்தால், உதாரணமாக அப்படி ஒரு இடமே இல்லை, அல்லது அதே அறைகளுக்கு அதே நாட்களில் பலரிடம் காசு வாங்கியிருக்கிறார்கள் என்றால், அது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுதல். உங்களைப் போல வேறு ஆட்களும் மாட்டியிருப்பது தெரிய வந்தால் ஒன்றாகப் போய் முறைப்பாடு செய்யுங்கள்.

சாட்சியம் எல்லாம் போனில்தான் இருக்கிறது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மெசேஜையோ ஒப்பந்தத்தையோ தள்ளிவிட முடியாது. வட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் பண்ணி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், நடுவில் ஒரு வரியையும் அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமான வரியாக இருந்தாலும் சரி. அந்தப் போனை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பேஸ்புக் பக்கத்தில் அறைப் படங்களும் விலையும் இருக்கும் பதிவுகளை இன்றிரவே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், கடிதம் கிடைத்தவுடன் அவை காணாமல் போகலாம். அப்புறம், அவர்களைப் பற்றி முகநூலில் எழுதத் துடிக்கும் அண்ணாவுக்கும் சொல்லுங்கள்: நடந்ததை, ஆதாரம் காட்டக்கூடியதை மட்டும் எழுதலாம், “கள்ளர் கூட்டம்” என்று எழுதினால் மானநட்ட வழக்கு அவர்கள் கைக்குப் போய்விடும், அதோடு 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

அந்த விளம்பரத்தில் “தனியார் கடற்கரை” என்றும் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். இந்த நாட்டில் எந்த ஹோட்டலுக்கும் தனிக் கடற்கரை கிடையாது. உயர் நீர் மட்டத்துக்குக் கீழே உள்ள கரை அரசின் காணி, எல்லாருக்கும் உரியது. நிலாவெளிக் கரையில் கரைவலை இழுக்கும் மனிதரையோ நடந்துபோகும் நம்மையோ எந்தக் காவலாளியும் எழுப்பிவிட முடியாது, அப்படி எழுப்பினால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு முறையிடுங்கள். உங்கள் முறைப்பாட்டிலும் இந்த விளம்பரத்தைச் சேருங்கள், விற்க முடியாத ஒன்றை விற்றதாக அது காட்டும்.

அடுத்த வருடமும் அண்ணா வருவார் என்கிறீர்கள், அதற்கும் கொஞ்சம். மாரியில் ஒழுங்கு செய்ய வேண்டாம். நவம்பர், டிசம்பரில் நம் பக்கத்துக் கடல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், 2020 டிசம்பரில் புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. அப்படி யாருடைய பிழையுமில்லாமல் தங்கவே முடியாமல் போனால் கட்டிய காசைத் திருப்பிக் கேட்க இடமிருக்கிறது, ஆனால் வெறும் மழைக்குக் கேட்க முடியாது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்லது. புறாத்தீவுப் படகுப் பயணத்தை அறை விலைக்குள் சேர்க்காமல் தனி வரியாக விலை போடச் சொல்லுங்கள். அது தேசியப் பூங்கா, கடல் குழம்பி அன்று படகு விடாவிட்டால் அந்தப் பங்கை மட்டும் சண்டையில்லாமல் திருப்பி வாங்கலாம். 10% சேவைக் கட்டணமும் 18% வற் வரியும் சொன்ன விலைக்குள்ளா வெளியேயா என்று கேளுங்கள். உள்ளூர் விலையை அடையாள அட்டை இருப்பவருக்கு மட்டும் தருவார்கள், அண்ணாவிடம் கனடாக் கடவுச்சீட்டு என்பதை முதலிலேயே சொல்லி அவர் அறையின் விலையை எழுத்தில் வாங்குங்கள். முற்பணம் போட முன் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: “இன்ன இலக்க அறைகள், கடலைப் பார்த்தவை, இத்தனை திகதிகள், மொத்தம் இவ்வளவு, நீங்கள் தராவிட்டால் முழுக் காசும் ஏழு நாளில் திருப்பித் தரப்படும், சரியா?” பதிலாக “சரி” என்று ஒரு சொல் வந்தாலே எனக்குப் போதும்.

இப்போதைக்குச் செப்டம்பர் 27ஐ மறக்க வேண்டாம். முறைப்பாட்டின் பிரதியோடு உறுதிப்படுத்தல் கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள், மத்தியஸ்த சபைக்கு நீங்கள் போக முன் பார்த்துச் சொல்கிறேன்.